கணக்குக் கேட்கும் உரிமை: மலையகத் தலைமைத் தெரிவு பற்றி ஒரு நோக்கு

ஒரு சமுதாயம் தன் தலைவர்களை எவ்வாறு தெரிவு செய்கின்றது என்னும் வினாவை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் வாக்குச் சீட்டோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் தெரிவு செய்தல் வேறு; தெரிவு செய்யப்பட்டவரிடம் கணக்குக் கேட்டல் வேறு. முன்னையது ஒரு நாளில் முடியும் காரியம். பின்னையது ஆண்டு முழுவதும் நிகழ வேண்டியது. இவ்விரண்டையும் பிரித்து நோக்காமையினாலேயே மலையகத் தமிழ் மக்களின் அரசியல் பற்றிய மதிப்பீடுகள் பல பிழைபட்டுள்ளன. அவற்றுட் சில தோட்டத் தொழிலாளரைத் தலைவர் பின்னே கண்மூடிச் செல்லும் கூட்டமாகக் காண்கின்றன. வேறு சில தலைவர்களின் வரலாற்றையே மக்களின் வரலாறாக எழுதிச் செல்கின்றன. எதிரெதிரானவையாகத் தோன்றினும் இவ்விரு நோக்குகளும் தொழிலாளிக்குத் தீர்ப்பளிக்கும் ஆற்றல் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில்லை. லிந்துலை, தலவாக்கலைத் தோட்டப் பகுதிகளின் அனுபவத்தை முன்வைத்து இக்கருத்தைப் பரிசீலிப்பது ஈண்டு எமது நோக்கமாகும்.

தோட்டங்களில் முதலில் நிலைபெற்ற தலைமை கங்காணியின் தலைமையாகும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவனும், அவர்களுக்கு முன்பணம் கொடுத்தவனும், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றவனும் அவனே. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு கிடைத்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டின் மூலமே அவன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றப்பட்டான். 1921 ஆம் ஆண்டிலேயே இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இத்தலைமையின் அடிப்படையை ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஈண்டுக் கணக்கேடு தலைவனின் கையில் இருந்தது; அதில் பற்றாக எழுதப்பட்டவன் தொழிலாளி. தலைவனிடம் கணக்குக் கேட்பதற்கு அவனுக்கு எவ்வித வழியும் இருக்கவில்லை. அவ்வாறாயின் அவன் கங்காணியைப் பற்றித் தீர்ப்பே கூறவில்லையா? கூறினான். மலையக நாட்டார் பாடல்களில் கங்காணியும் துரையும் எள்ளலுக்கும் ஏச்சுக்கும் ஆளாவதை அவற்றைப் பயின்றோர் அறிவர். அதிகாரத்தை அகற்ற முடியாத மக்கள் அதனைப் பாட்டில் நிறுத்தி விசாரித்தனர் எனக் கொள்வது பொருந்தும்.

இந்த விசாரணை பாட்டிலிருந்து மேடைக்கு வந்தமைக்குத் தொழிற்சங்க இயக்கமே காரணமாகும். 1931 இல் கோ. நடேசய்யர் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தான். இவ்வெழுச்சியின் பின்னணியிலேயே 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் நடைபெற்றது. அதில் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், லிந்துலைக்கு அயலிலுள்ள தலவாக்கலைத் தொகுதியில் சி. வி. வேலுப்பிள்ளையும் வெற்றி பெற்றனர். முன்னவர் தோட்ட உரிமையாளர் ஒருவரின் மகன். பின்னவர் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த கவிஞர். தொழிலாளர் தம் வர்க்கத்துக்கு அப்பாற்பட்டவரையும் ஏன் தலைவராக ஏற்றனர் எனச் சிலர் வினவுவதுண்டு. துரைமாரின் முன்னே சமமாக அமர்ந்து பேசக்கூடியவர் ஒருவர் வேண்டும் என்னும் தேவையே இதற்குக் காரணம் எனக் கருதுகின்றோம். அத்தெரிவு அறியாமையின் விளைவன்று. அக்காலத்து அதிகார அமைப்பைத் தொழிலாளர் சரியாகக் கணித்தமையின் விளைவாகும். எனினும் அக்கணிப்பில் ஓர் ஆபத்தும் உள்ளடங்கியிருந்தது. மேலே பேசத் தெரிந்தவனுக்கு அளிக்கப்படும் மதிப்பு, கீழே பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அவன் என்பதை மறைத்துவிடக்கூடியது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949 இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களுள் மிகப் பெரும்பாலானோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1947 இல் எழுவரை அனுப்பிய மக்கள் 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. பின்னர் 1960 இல் தொண்டமானும் 1970 இல் அ. அஸீசும் நியமன உறுப்பினர்களாகப் பாராளுமன்றத்திற் பங்குபற்றினர். நியமனம் என்பது அரசாங்கம் வழங்குவது, மக்கள் வழங்குவதன்று. ஆகவே ஒரு தலைமுறைக் காலம் மலையகத் தலைவரின் தகுதியைப் பாராளுமன்ற மட்டத்தில் நிர்ணயித்தவர்கள் கொழும்பில் ஆட்சி புரிந்தோரே ஆவர்.

இக்காலகட்டத்தில் தொழிலாளியின் கையில் எஞ்சியிருந்த ஒரே வாக்கு அவனது சங்கச் சந்தாவாகும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், 1956 இல் பிரிந்து உருவான ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ், 1965 இல் வி. கே. வெள்ளையன் நிறுவிய தொழிலாளர் தேசிய சங்கம், செங்கொடிச் சங்கம் ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து விலகி மற்றொன்றிற் சேர்வதற்கு அவனால் முடிந்தது. ‘அரைப்பேர்’ போடப்பட்ட நாளுக்கு முழுப்பேர் வாங்கித் தந்தவர் யார், வேலை நிறுத்தப்பட்ட பெண்ணைத் திரும்பச் சேர்த்தவர் யார், சேமலாப நிதிப் படிவத்தை நிறைவேற்றித் தந்தவர் யார் என்னும் கேள்விகளே தலைவரை அளக்கும் அளவுகோல்களாயின. இதனைச் சில்லறை அரசியல் என ஒதுக்குதல் நியாயமன்று. நாடற்றவன் எனப்பட்ட ஒருவன் தனக்கு எட்டிய ஒரே அதிகாரத்தை அன்றாடம் எடைபோட்டுப் பார்த்த முறை இது.

ஆயினும் இம்முறையின் குறைபாடுகளையும் கூறியாதல் வேண்டும். சந்தா கையால் வசூலிக்கப்பட்டவரை சங்கத்தார் லயத்து வாசலுக்கு வந்தே தீரவேண்டியிருந்தது. வந்தவரை நிறுத்திக் கேள்வி கேட்கவும் முடிந்தது. சம்பளத்திலிருந்து சந்தாவைத் தோட்ட நிருவாகமே கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை நிலைபெற்றபின் அச்சந்திப்பு அவசியமற்றதாயிற்று. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி சங்கத்தின் வரவு செலவு அறிக்கை ஆண்டுதோறும் பதிவாளருக்கு அனுப்பப்படுதல் வேண்டும். அவ்வறிக்கை பிரட்டுக்களத்தில் வாசிக்கப்படும் வழக்கம் உருவாகவில்லை. இரண்டாவதாக, கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்கள். சந்தா செலுத்துவோரிலும் அவர்களே பெருந்தொகையினர். 1984 இல் ஆண் பெண் சமசம்பளம் கிடைப்பதற்கு அவ்வாண்டு வேலைநிறுத்தத்தில் அவர்கள் காட்டிய உறுதி முக்கிய காரணமாகும். எனினும் தோட்டத் தலைவர் என்றால் ஆண் என்பதும், பெண்ணுக்குரியது மாதர் தலைவி என்னும் துணைப் பதவியே என்பதும் எழுதாச் சட்டமாக நிலவி வந்துள்ளன.

தலைமையின் விலை யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலில் சங்கம் அமைக்க முற்படும் தொழிலாளி தோட்டத்திலிருந்தே வெளியேற்றப்படுகிறான். வேலையும் வீடும் ஒரே கையால் வழங்கப்படும் இடத்தில் வேலையை இழப்பவன் கூரையையும் இழக்கிறான். மலையகத்தில் தலைமை தோட்டத்துக்கு வெளியே உருவாகியமைக்கு இந்நாவல் ஒரு சமூகவியல் விளக்கமாகவும் அமைகின்றது. தன் காணியில் தன் வீடு இல்லாதவன் தலைவனாவது பெரும் துணிவை வேண்டுவது. 1977 மே மாதம் தோட்டக் காணிகளைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கெதிராகத் தொழிலாளர் திரண்டபோது டெவன் தோட்டத்திற் சுடப்பட்டு இறந்த சிவனு லெட்சுமணன் எந்தப் பதவியையும் வகித்தவனல்லன். அவ்வாண்டு யூலைத் தேர்தலில் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானார். முப்பது ஆண்டுகளின் பின் மீண்ட அப்பிரதிநிதித்துவத்தின் பின்னே பதவியற்றோரின் குருதியும் உண்டு என்பது மறக்கற்பாலதன்று.

இந்நிலையில் தமிழர் பெருமையுடன் எடுத்துக்காட்டும் குடவோலை முறையை ஒப்புநோக்குதல் பயன் தரும். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை. அவற்றின்படி பெயர் எழுதப்படத் தகுதியுடையவன் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவனாதல் வேண்டும். இத்தகுதிகளை அளவுகோலாகக் கொண்டால் லிந்துலையில் லயத்தில் வாழும் எவரது பெயரும் குடத்தில் விழாது. அது நிலவுடைமையாளரான பிராமணர் சபையின் தேர்தல். அதனை மக்களாட்சியின் ஊற்று எனக் கொண்டாடுவது வரலாற்றுணர்வுடையோர்க்கு ஏற்புடையதன்று. ஆனால் அதே கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய நெருங்கிய உறவினரையும் தெரிவுக்கே தகுதியற்றவராக்குகின்றது. பதவி வகித்தவன் மூன்று ஆண்டுகள் ஒதுங்கியிருக்க வேண்டும் எனவும் விதிக்கின்றது. நாம் ஏற்கத்தக்க பகுதி இதுவே. 1838 இல் இங்கிலாந்துத் தொழிலாளர் முன்வைத்த மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள் ஐந்து காலப்போக்கில் நிறைவேறின. ஆண்டுதோறும் பாராளுமன்றத் தேர்தல் என்னும் ஒன்றே நிறைவேறவில்லை. வாக்கை வழங்க இணங்கும் ஆளும் வர்க்கங்கள் அடிக்கடி கணக்குக் கேட்கப்படுவதற்கு இணங்குவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

மலையகத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரசாவுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்து வாக்கு மீண்டது. ஆனால் 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தமே அத்தடையை நீக்கிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபைக்கு அவர்களுடைய லயத்துப் பாதையைத் திருத்தும் அதிகாரம் இருக்கவில்லை. அதிகாரமில்லாத உறுப்பினரிடம் எதைக் குறித்துக் கணக்குக் கேட்பது? ஆகவே மக்கள் பழைய பழக்கத்தின்படி, சபையின் நடவடிக்கைகளை நோக்காது, அமைச்சர் ஒருவரின் செல்வாக்கையும் அவர் கொணரும் கூரைத் தகட்டையும் நோக்கினர். உரிமையாகக் கிடைக்க வேண்டியது கொடையாகக் கிடைத்தபோது, கொடுத்தவரிடம் கணக்குக் கேட்பது நன்றி கொல்லுதல் போலத் தோன்றுவது இயல்பே.

2018 இன் திருத்தமும், அதனை ஒட்டி அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய பிரதேச சபைகள் உருவானமையும் இந்நிலையை மாற்றுவதற்கான வாய்ப்பை அளித்துள்ளன. 2021 இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி, நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாகச் சம்பளச் சபையினால் நிர்ணயிக்கப்பட்டபின், ஒப்பந்தத்திற் கையெழுத்திடும் உரிமையைக் காட்டித் தலைமையை நிலைநிறுத்தும் பழைய முறையும் தளர்ந்துள்ளது. இவ்வேளையில் வேண்டப்படுவது சங்கத்தின் வரவு செலவையும் சபையின் வரவு செலவையும் ஆண்டுக்கொரு முறையேனும் தோட்டத்தில், தமிழில், கொழுந்து பறிக்கும் பெண்களும் கலந்துகொள்ளக்கூடிய நேரத்தில் வாசித்துக் கேள்விக்கு இடமளிக்கும் வழக்கமாகும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சங்கக் கிளைகளும் சபை உறுப்பினர்களும் மனங்கொண்டாற் போதும். அவர்கள் தாமாக முன்வராவிடின், சந்தாவை மாற்றும் உரிமையை அன்று போல் இன்றும் தொழிலாளர் பயன்படுத்தலாம். கங்காணியின் ஏட்டில் தொழிலாளியின் பெயர் பற்றாக எழுதப்பட்டிருந்த காலம் சட்டத்தால் முடிவுற்றது. தலைவரின் பெயரைத் தன் ஏட்டில் எழுதிவைத்து ஆண்டு முடிவில் விசாரிக்கும் நிலைக்குத் தொழிலாளி வரும்போதே வாக்குரிமை தன் முழுப்பொருளை எய்தும் எனலாம்.