விந்து வேறு, விந்தணு வேறு

நெய் மிகுதியாக உண்டால் ஆண்மை பெருகும், பிள்ளைப்பேறு வாய்க்கும் என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. பிரிக்பீல்ட்சானாலும் கிள்ளானானாலும் இதனைக் கேளாத தமிழ்க்குடும்பம் அரிது. நம்பிக்கையைப் பழிக்க ஈண்டுப் புகவில்லை. சித்த மருத்துவ நூல்களைச் சான்று காட்டி, இக்கால அறிவியலும் அதனையே ஒப்புகிறது என எழுதுவோரின் சொற்குழப்பமே நம் ஆய்வுக்குரியது.

பழைய மருத்துவ நூலார் உணவின் குணம் கூறுங்கால் ‘தாதுபுட்டி’, ‘விந்து விருத்தி’ என்பர். உண்ட உணவு சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என மாறி ஏழாவதாக அடையும் நிலையே அவர்தம் விந்து. உடல்வலி பற்றிய கருத்து அது. விந்தணுவோ, ஆலந்து நாட்டு லேவன்ஹூக் 1677இல் உருப்பெருக்கியின் வழிக் கண்டது. நூலார் சொன்ன விருத்தியை அணுக்களின் எண்ணிக்கை எனக் கொள்வது எந்த உரையாசிரியரும் ஒப்பாத உரை. ஆண்மை என்பதோ மூன்றாவது பொருள். இல்லறத்தில் குறையேதும் இல்லாதவனுக்கும் விந்தணு குறைந்திருத்தல் கூடும்.

அறிவியல் கூறுவது யாது? 701 டேனிய இளைஞரை ஆய்ந்து 2013இல் வெளிவந்த கட்டுரை, நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்ட காற்பங்கினரிடம், மிகக் குறைவாக உண்டோரைவிட விந்தணுச் செறிவு 38 விழுக்காடு குறைந்திருந்தது என்கிறது. நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் மிகுந்திருப்பது அக்கொழுப்பே. செம்பனை எண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி அதுவே. (அப்பனை இந்நாட்டில் வணிகப் பயிராக முதன்முதல் 1917இல் நடப்பட்டது கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில், பெயர் தென்னை, பயிர் பனை!) கலிபோர்னியாவில் 117 இளைஞரிடை நடந்து 2012இல் வெளியான சோதனையிலோ, 12 வாரம் நாள்தோறும் 75 கிராம் அக்ரூட் பருப்பு உண்டோரின் விந்தணு இயக்கமும் வடிவும் சீர்பட்டன. விந்தணுவின் மெல்லுறையில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. அக்ரூட்டிலும் மத்தி போன்ற மீனிலும் உள்ளது அவ்வினக் கொழுப்பு.

ஆகவே நெய் மலடாக்கும் என்று மறுபுறம் சாய்தலும் பிழையே. டேனியர் ஆய்வு உடனிகழ்ச்சியைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை.

இக்குழப்பத்தின் சுமை யார்மீது விழுகிறது? ‘மலடி’ ஊரார் நாவில் எளிதில் வரும். ‘மலடன்’ அகராதியில் உறங்கும். பிள்ளையின்மையில் ஏறக்குறையப் பாதிக்கு ஆண்பாலும் காரணம். ஓராண்டு கடந்தும் கருவுறாவிடில் இருவரையும் ஒருங்கே சோதிப்பதே மருத்துவ முறை. கணவனுக்குரிய முதற்சோதனை மிக எளியது. ஆயினும் லேகியம் தீரும்வரை மருத்துவமனையில் மனைவியே காத்திருக்கிறாள்.