டெலிவிஷனுக்குப் பிறந்த நாவல்கள்

சென்ற மாதம் ரயிலில் ஒரு சிறு நாவலைப் படித்துக்கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் நல்ல விமர்சகர். அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்களா இதைப் படிக்கிறீர்கள்?" என்றார். 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் டெலிவிஷன் தொடரை வைத்து எழுதிய நாவல் அது. அந்த வரிசையில் முப்பதுக்கு மேல் படித்தாயிற்று என்பதையும் சொல்லி வைத்தேன்.

கதை வேறொருவருடையது, பாத்திரங்கள் கம்பெனிக்குச் சொந்தம், எழுதுகிறவன் கூலிக்காரன், இதில் சிருஷ்டி எங்கே என்பது நண்பருடைய கட்சி. வலுவுள்ள கட்சிதான். ஆனால் படித்தபோது எனக்கு ஏற்பட்ட இன்பம் பொய்யில்லையே!

பி.பி.ஸி. அத்தொடரை 1963 நவம்பர் 23-ல் ஆரம்பித்தது. அடுத்த வருஷமே முதல் நாவல் வந்துவிட்டது. எழுதியவர் டேவிட் விட்டேக்கர். தொடரின் கதை இலாகாவைப் பார்த்துக்கொண்டவரே அவர்தான். அப்படிப்பட்டவர் முதல் காரியமாக டெலிவிஷனில் வந்த ஆரம்பத்தைத் தூக்கி எறிந்தார். அங்கே இரண்டு உபாத்தியாயர்கள் மாணவி ஒருத்தியைப் பின்தொடர்ந்து பழஞ்சாமான் கிடங்குக்குள் போவார்கள். நாவலிலோ லண்டனில் பார்ன்ஸ் காமன் என்ற வெளி, மூடுபனி, ஒரு மோட்டார் விபத்து. கதையை இயான் என்ற பாத்திரமே 'நான்' என்று சொல்லிக்கொண்டு போகிறான். காமிராவுக்கு 'நான்' கிடையாது. அது பார்ப்பதை எல்லோரும் பார்க்கலாம். ஒருவன் தனியாகப் பயப்படுவதைப் புத்தகத்தில்தான் கூடவே இருந்து அநுபவிக்க முடியும்.

இதைவிட ஒரு படி மேலே போனவர் மால்கம் ஹல்க். 1970-ல் ஏழு வாரம் வந்த தம் கதையையே 1974-ல் நாவலாக்கினார். பூமிக்கடியில் யுகக்கணக்காகத் தூங்கிக் கிடந்த ஊர்வன இனம் ஒன்று விழித்துக்கொள்கிறது. உலகம் தனக்கே சொந்தம் என்கிறது. திரையில் அவர்கள் ரப்பர் உடுப்புப் போட்ட நடிகர்கள். தனிப் பெயர்கூட இல்லை. ஹல்க் நாவலை அவர்கள் உறங்கப் போகும் நாளில் தொடங்குகிறார். பெயர் தருகிறார். ஒக்டெல் என்ற கிழவனின் மனத்தைத் திறந்து காட்டுகிறார். கடைசியில் மனிதர்கள் அந்தக் குகைகளைத் தகர்க்கும்போது நமக்குப் பகீரென்கிறது. யாருடைய வீட்டை யார் இடித்தார்கள்? கூலி எழுத்து இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஹல்க் கேட்டார்.

டெரன்ஸ் டிக்ஸ் அறுபதுக்கு மேல் எழுதிக் குவித்தார். நடை வெறும் நடை, அவசரம் தெரிகிறது. ஆனாலும் அவரைத் தள்ள முடியவில்லை. பி.பி.ஸி. பழைய நாடாக்களை அழித்ததால், 90-க்கு மேற்பட்ட பகுதிகளின் படம் இன்று இல்லை. ரசிகர்கள் வீட்டில் பதிவுசெய்த ஒலி மட்டும் இருக்கிறது. மூலம் அழிந்து, நகல் என்று ஏளனம் செய்யப்பட்ட புத்தகம் பிழைத்திருக்கிறது.

அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்' விஷயத்தில் மட்டும் நண்பருக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். ஜேம்ஸ் பிளிஷ் பெரிய எழுத்தாளர். பாதிரியார் ஒருவரின் மனச்சாட்சியை வைத்து எழுதிய நாவலுக்கு 1959-ல் ஹ்யூகோ பரிசு பெற்றவர். 1967 முதல் இத்தொடரின் வசனப் பிரதிகளைச் சிறுகதைகளாக்கினார். பன்னிரண்டு தொகுதிகள். அவர் 1975-ல் இறந்த பின் கடைசித் தொகுதியை மனைவி முடித்தார். பலவற்றில் எலும்புதான் இருக்கிறது. அந்தக் கை இதற்காகவா என்று நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் 1970-ல் அதே பாத்திரங்களை வைத்துச் சொந்தமாக ஒரு நாவல் எழுதினார். ஆளைக் கரைத்து வேறிடத்தில் உருவாக்கும் யந்திரம் ஸ்பாக்கை இரண்டாக்கிவிடுகிறது. போய்ச் சேருகிறவன் பழைய மனிதன்தானா, ஆத்மா என்ன ஆயிற்று என்று கப்பல் வைத்தியர் கவலைப்படுகிறார். டெலிவிஷன் வாராவாரம் அந்த யந்திரத்தைச் சும்மா உபயோகித்தது. பிளிஷுக்குத்தான் அதில் நின்று யோசிக்கத் தோன்றிற்று. பிற்பாதியில் யுத்தம் வந்து கேள்வியை விழுங்கிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

நண்பர் விழுப்புரத்தில் இறங்கினார். இறங்கும்போது ஹல்க்கின் நாவலை, "சும்மா பார்க்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.