கச்சான் காற்றில் மூன்று கியர்

கல்முனையிலிருந்து இங்கினியாகலை வரை மிதித்துப் போய்வர எந்தச் சைக்கிள் வாங்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரே பதில்தான். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த, முன்னால் கூடை வைத்த, பின்சில்லின் நடுக்குடத்துக்குள் மூன்று கியர் அடங்கிய சைக்கிள். பாவித்த சைக்கிள் விற்கும் கடை வாசல்களில் நெருக்கியடித்து நிறுத்தி வைத்திருப்பார்களே, அதுதான். சந்தைக்கும் ஸ்கூலுக்கும்தான் அது சரி என்று ஒதுக்கிவிட்டு, ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த 21 கியர் மலைச் சைக்கிளுக்குப் பணம் சேர்க்கிறார்கள். இரண்டையும் இதே வீதிகளில் ஓட்டியிருக்கிறேன். இந்தப் பாதைக்கு ஜப்பான் சைக்கிள்தான் பொருத்தம். ஆனால் வாங்கியபடியே ஓட்டக்கூடாது. அதில் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டும்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஏ4 வீதியில் சாய்ந்தமருதைத் தாண்டி, காரைதீவில் மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, பிறகு அம்பாறை. கல்முனையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இரு பக்கமும் வட்டைதான். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அம்பாறையைக் கடந்த பிறகு நிலம் மெல்ல எழுந்து இறங்கத் தொடங்கும், தூரத்தில் தெரிந்த குன்றுகள் பக்கத்தில் வரும். இங்கினியாகலையில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே பட்டிப்பளை ஆற்றை, அதாவது கல்லோயாவை, மறித்து நிற்கிறது அணை. நீளம் ஒரு கிலோமீற்றருக்கு மேல். 1949இல் தொடங்கிய திட்டம் அது. அணைக்குப் பின்னால் கிடக்கும் சேனாநாயக்க சமுத்திரம்தான் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அங்கிருந்து இடதுகரை வாய்க்கால் வழியாக இறங்கும் தண்ணீர்தான் நம் வட்டைகளுக்குச் சிறுபோகம் தருகிறது. அந்தத் தண்ணீர் வரும் வழியே எதிர்த்து மிதித்துப் போவது இந்தப் பயணத்தின் பெரிய சந்தோஷம். தார் வீதியை விட்டு வாய்க்கால் கரைக் கிறவல் பாதையில் இறங்கினால் மருத மர நிழலும் தண்ணீரின் சத்தமும் கூடவே வரும்.

இந்தப் பாதையில் காலை வாங்குவது காற்று. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும். மலையைத் தாண்டி வரும் காய்ந்த, சூடான காற்று. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். கல்முனைக்காரன் மலைப்பக்கம் போகும்போது அது நேரே முகத்தில் அறையும். சம்மாந்துறைக்கும் அம்பாறைக்கும் நடுவே மறைப்பில்லாத வெட்டைவெளியில் பத்துக் கிலோமீற்றர் மிதிப்பது ஒரு குன்று ஏறுவதற்குச் சமம். குன்றாவது உச்சியோடு முடிந்துவிடும். சுபஹ் தொழுததும் புறப்பட்டுவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். பின்னேரம் திரும்பும்போது அதே கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளும்.

கியருக்கு வருகிறேன். இந்தச் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது ஷிமானோ நிறுவனத்தின் நெக்ஸஸ் மூன்று கியர் ஹப். செயின் ஒரே பல்லுச் சில்லில்தான் ஓடும். மாற்றமெல்லாம் குடத்துக்குள்ளேயே நடக்கும். நடுவில் அசையாத ஒரு பல்லுச் சில்லு, அதைச் சுற்றி ஓடும் சிறிய பல்லுச் சில்லுகள், அவற்றை வெளியே பிடித்திருக்கும் உட்பல் வளையம். இரண்டாம் கியரில் இவற்றின் உதவி தேவையில்லை. நீங்கள் மிதிப்பது அப்படியே சில்லுக்குப் போகும். முதலாம் கியர் அதன் 0.733 மடங்கு, மூன்றாவது 1.364 மடங்கு. 21 கியர் சைக்கிளின் வீச்சோடு பார்த்தால் இது குறைவுதான். ஆனால் கிறவல் தூசியும் கடற்கரை உப்புக் காற்றும் உள்ளே போக வழியில்லை. என் மலைச் சைக்கிளின் பின் கியர் மாற்றியில் வாய்க்கால் கரை மண் ஏறி, செயின் பல் விட்டுப் பல் தாவிக்கொண்டே இருந்தது. துடைப்பதும் எண்ணெய் விடுவதும் தனி வேலையாகிப் போனது. இந்த ஹப்பில் அந்தத் தொல்லை கிடையாது. நின்ற நிலையிலேயே கியர் மாற்றலாம் என்பது இன்னொரு வசதி. மாட்டுப்பட்டி குறுக்கே வந்து வண்டியை நிறுத்திவிட்டால், கைப்பிடியைத் திருகி ஒன்றில் வைத்து அப்படியே எடுக்கலாம். ஓடும்போது மாற்றுவதென்றால் மிதிப்பதை ஒரு கணம் நிறுத்த வேண்டும். இதைப் பழகாதவர்கள்தான் ஹப்பைக் கெடுக்கிறார்கள்.

குறை அந்த ஒற்றைப் பல்லுச் சில்லில் இருக்கிறது. ஜப்பான் நகரங்களின் சமதரை வீதிக்கென்று முன்னால் 33 பல், பின்னால் 14 பல் என்ற அளவில் போட்டு அனுப்புகிறார்கள். 26 அங்குலச் சில்லில் கணக்குப் பார்த்தால், ஒரு முழு மிதிக்கு முதலாம் கியரில் ஏறத்தாழ 3.6 மீற்றர், இரண்டாவதில் 4.9, மூன்றாவதில் 6.7 மீற்றர் வண்டி நகரும். அந்த மூன்றாம் கியரை இங்கே எந்த வீதியில் பாவிப்பது? கச்சானுக்கு எதிரே முதலாம் கியரே பாரமாகிவிடும். அதற்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. பின்னால் 18 பல் சில்லு போட்டுப் பாருங்கள். கணக்கு 2.8, 3.8, 5.2 என்று மாறும். நிமிடத்துக்கு 60 மிதி என்று நிதானமாகப் போனால், முதலாம் கியரில் மணிக்கு 10 கிலோமீற்றர், எதிர்காற்றில் இரண்டாம் கியரில் 13 முதல் 14, காற்றில்லாத காலையில் மூன்றாம் கியரில் 18க்கு மேல். மூன்று கியருக்கும் வேலை வந்துவிடும். வீணே உராயாத இரண்டாம் கியர், அதிகம் பாடுபட வேண்டிய எதிர்காற்றுக்கு அமைவது இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. கடற்கரையை விட்டு உள்ளே போக எண்ணமில்லாதவர்களுக்கு 16 பல் போதும்.

செய்வதும் இலேசுதான். சில்லைக் கழற்றினால் பல்லுச் சில்லைப் பிடித்திருப்பது ஒரு கம்பி வளையம்; தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கலாம். செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டிவரும். எனக்கு இதைச் செய்து தந்த சைக்கிள் பாஸ் வேலைக்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார்: “பல்லுச் சில்ல மாத்தித் தாறன் தம்பி, ஆனா குடத்துக்குள்ள கை வைக்கச் சொல்லாதீங்க.” வேலை முடிந்ததும், “மறுகா இங்கினியாகல ஏறிப்போட்டு வந்து சொல்லுங்க” என்றார். சொன்னேன். இப்போது கேட்டு வருகிறவர்களுக்கு அவரே 18 பல்லைப் பரிந்துரைக்கிறார்.

டயர் விசயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தச் சைக்கிளின் டயரில் 26 x 1 3/8 என்று எழுதியிருக்கும். மலைச் சைக்கிளின் 26 x 1.95 டயரும் 26தானே என்று வாங்கி வந்தால் றிம்மில் ஏறாது. முதலாவதின் அடிவிட்டம் 590 மில்லிமீற்றர், இரண்டாவதினுடையது 559. நம் பக்கத்துக் கடைகளில் முதலாவது தாராளமாகக் கிடைக்கும். டியூபின் வால்வும் நம் பழைய சைக்கிள்களில் உள்ள அதே ரப்பர் வால்வுதான். சம்மாந்துறையிலோ அம்பாறையிலோ எந்தச் சைக்கிள் கடைப் பம்பிலும் காற்றடிக்கலாம். வீட்டிலிருந்து 50 கிலோமீற்றர் தள்ளி நிற்கும்போது இதைவிடப் பெரிய தொழில்நுட்பம் வேறில்லை.

பாரத்தைப் பின்னால் ஏற்றுங்கள். முன் கூடையில் தண்ணீர்ப் போத்தலும் மழைக்கோட்டும் போதும். அதற்கு மேல் வைத்தால் கிறவலில் ஹாண்டில் ஆடும். பின் கெரியரில் 18, 25, 27 என்று ஏதோ ஓர் இலக்கம் ஒட்டியிருக்கும். அத்தனை கிலோ தாங்கும் என்று பொருள். நிமிர்ந்து உட்காரும் அமைப்பு முதுகுக்கு நல்லது, காற்றுக்குக் கெட்டது. நெஞ்சு முழுவதும் காற்றை வாங்கும். ஹாண்டிலை முடிந்தவரை இறக்கி, சீற்றை உயர்த்தினால் பாதிப் பிரச்சினை தீரும். எடையும் குறைவில்லை, 18 முதல் 20 கிலோ வரை வரும். ஏற்றத்தில் அதை உணர்வீர்கள்.

தாழ்ந்த சட்டமும் செயினை முழுதாக மூடும் உறையும் இந்தச் சைக்கிளின் தனிச் சிறப்பு. அபாயா அணிந்து ஏறி இறங்கலாம், செயினில் துணி சிக்காது. நம் ஊர்களில் ஆசிரியைகளும் மாணவிகளும் இதில் போவதைத் தினமும் பார்க்கிறோம். வாய்க்கால் கரைக் காலையை ஆண்பிள்ளைகள் மட்டும் ஏன் அனுபவிக்க வேண்டும்? உம்மாவும் மகளும் சேர்ந்து சம்மாந்துறை வட்டை வரையாவது போய்வர இதைவிட ஏற்ற வண்டி எனக்குத் தெரியவில்லை.

பிறேக் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பின்னால் இருப்பது ஒரு டிரம்மை வெளியிலிருந்து பட்டி இறுக்கும் பேண்ட் பிறேக். ஊருக்குள் போதும். நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடி தளரும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். இங்கினியாகலைக் குன்றுகளின் குறுகிய இறக்கங்களுக்கு, முன் பிறேக்கின் ரப்பரைப் புதிதாக மாற்றி, இரண்டையும் மாறி மாறிப் பிடித்து இறங்கினால் பயமில்லை. ஆனால் மகியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவுப் பாதையில் இந்தச் சைக்கிளை இறக்க எவரையும் நான் அனுமதிக்கமாட்டேன். அங்கே 21 கியர் சைக்கிளும் அதன் டிஸ்க் பிறேக்கும்தான் சரி. ஏறுவதற்கும் அதன் கீழ்க் கியர்கள் தேவைப்படும்.

வண்டிக்கு அப்பால் இரண்டு விசயம். அம்பாறையைச் சுற்றியும் இங்கினியாகலை வீதியிலும் யானை நடமாட்டம் உண்டு. 1954இல் அமைந்த கல்லோயாத் தேசியப் பூங்கா பக்கத்தில்தான். வெளிச்சம் வந்த பிறகே அம்பாறையைத் தாண்டுங்கள், அசருக்கு முன் திரும்பி அம்பாறைக்கு வந்துவிடுங்கள். டைனமோ லைற்றை நம்பி அந்த வீதியில் இரவோட வேண்டாம். மற்றது மழைக்காலம். மாவடிப்பள்ளியிலும், நாவிதன்வெளிப் பக்கம் போகும் கிட்டங்கியிலும் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். 2024 நவம்பரில் மத்ரசா மாணவர்கள் வந்த உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அடிபட்டுப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று தோன்றினாலும் சைக்கிளோடு இறங்காதீர்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? 2022 எரிபொருள் நெருக்கடியில் வரிசையில் நின்று களைத்தவர்களெல்லாம் சைக்கிள் தேடியபோது ஏறிய விலை, பிறகு பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதனால் பெயின்ற் மினுக்கத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். துருப்பிடிக்காத கம்பியும் அலுமினிய றிம்மும் உள்ளதைத் தேடுங்கள். உப்புக் காற்றில் நிலைப்பது அதுதான். பின்சில்லைத் தூக்கிச் சுழற்றி, கோணலா என்று பாருங்கள். மூன்று கியரிலும் ஏறி நின்று அழுத்தி மிதியுங்கள். ஏதாவது ஒன்றில் கால் சறுக்கினால் உடனே விட்டுவிட வேண்டாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். கைப்பிடியை இரண்டாம் கியரில் வைத்து, பின் அச்சின் வலப்பக்கம் கேபிள் வந்து சேரும் சிறு பெட்டியின் கண்ணாடித் துவாரத்தைப் பாருங்கள். உள்ளே ஒரு மஞ்சள் கோடு தெரியும். அது இரு எல்லைக் கோடுகளுக்கு நடுவே நிற்கும்வரை கேபிள் திருகைத் திருப்பிச் சரிசெய்து, மறுபடி மிதியுங்கள். அதன் பிறகும் சறுக்கினால் குடம் தேய்ந்துவிட்டது; அடுத்த வண்டியைக் கேளுங்கள்.