இசைத்தட்டு அடுக்கும் மரபுகள்

வெள்ளிவிழா மலருக்கு எழுதும்படி செயலாளர் பணித்தபோது, அடுக்குமுறையைப் பற்றியே எழுதுவது என்று தீர்மானித்தேன். வித்வான் வரிசை, ராக வரிசை, எண் வரிசை என்று நம் சங்கத்தில் வழங்கும் மரபுகளை உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றிலும் பெரியோர் இருந்திருக்கிறார்கள். அனைவரையும் வணங்கியே தொடங்குகிறேன்.

வித்வான் வரிசை தேடுவதற்கு எளிது. அரியக்குடி வேண்டுமென்றால் நேரே அவரிடம் போய்விடலாம். ஆனால் சினிமாத் தட்டில் ஒரு பக்கம் ஒருவர் பாடியிருப்பார், மறுபக்கம் வேறொருவர். ராக வரிசைக்கும் இதே சங்கடம். ஒரு பக்கம் தோடி, மறுபக்கம் செஞ்சுருட்டி என்றால் அந்தத் தட்டுக்கு எங்கே இடம்?

என் ஆசிரியர் எண் வரிசைக்காரர். எச்.எம்.வி., கொலம்பியா, ஒடியன் என்று முதலில் கம்பெனி, அதற்குள் எண். ராகமும் வித்வானும் பதிவேட்டில் இருந்தால் போதும் என்பார். நாடக செட்டுகளை எடுத்துக்காட்டுவார். ஒரே நாடகம் பல தட்டுகளில் அடுத்தடுத்த எண்களோடு வரும். எண்படி அடுக்கினால் கதை குலையாது. நடிகர் பெயரில் அடுக்கினால் கோவலன் ஓரிடம், கண்ணகி ஓரிடம். எந்தத் தட்டு இல்லை என்பதையும் விடுபட்ட எண்ணே சொல்லிவிடும். எல்பியில் ஈ.சி.எல்.பி. என்றால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ என்று முன்னெழுத்திலேயே தெரியும். லேபிள் தேய்ந்த 78 ஆர்.பி.எம். தட்டு கிடைத்தால், லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பதிந்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணைச் சாய்வான வெளிச்சத்தில் படித்துக் குறித்துக்கொள்வார்.

அவர் அலமாரி சுவரை ஒட்டியிருக்காது, தரையையும் தொடாது. 10 அங்குலத் தட்டையும் 12 அங்குலத் தட்டையும் கலந்து வைக்க மாட்டார். பெரியதன் மேல்பகுதி தாங்கலில்லாமல் வளைந்துவிடும். அரைச் சாணுக்கு ஒரு தடுப்புப் பலகை உண்டு. தட்டுகள் செங்குத்தாகவே நிற்கும், இறுக்கமும் இருக்காது. ஓரடி நீளத்துக்கு எல்பி அடுக்கினால் 15 கிலோவுக்குக் குறையாது என்பதால் மெல்லிய பலகையை அவர் நம்பியதில்லை. சித்திரை வெயிலில் எல்பி வளையும், ஐப்பசி ஈரத்தில் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் தனித்தனியே இடம் பார்த்து வைத்திருந்தார். 78-ஐ ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க யாரையும் விட்டதில்லை. அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும்.

இக்காலத்தில் சிலர், யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை, ஆர்வம் மிக்கவர்கள்தாம், தட்டு கைக்கு வந்ததும் பழைய உறையை எறிந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை உறை போட்டுவிடுகிறார்கள். அமிலம் ஏறிய பழைய காகிதம் தட்டுக்கு ஆகாதுதான். என் ஆசிரியரும் புது உறை போட்டார். ஆனால் பழையதற்கு அதே எண்ணை எழுதித் தனிக் கட்டாக வைத்தார். விற்ற கடையின் முத்திரையும், வாங்கியவர் கையெழுத்தும், சில வேளை தேதியும் அந்த உறையில்தானே இருக்கின்றன? கும்பகோணத்தில் விற்றதா, கொழும்பில் விற்றதா என்பதை இனி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? எந்த ஊர் எந்தப் பாட்டைக் கேட்டது என்ற சரித்திரமே குப்பைக்குப் போகிறது. 1985-இல், பழைய இசைத்தட்டுகளும் விற்ற சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது ஊரே வருந்தியது. இந்த இழப்பு வீடுவீடாக நடக்கிறது, கேட்பாரில்லை. இன்று உறையை எறிபவர் நாளை லேபிள்மேல் விலைச்சீட்டு ஒட்டுவார். மறுநாள் தட்டையே கடிகாரமாக்கிச் சுவரில் மாட்டுவார். மூன்று நிமிடத்தில் ஒரு ராகத்தின் முழு உருவத்தையும் காட்டியவர்களின் உழைப்பை இப்படிக் கையாளும் தலைமுறைக்குக் கேட்கும் பொறுமை எங்கிருந்து வரும்? கச்சேரி சபைகள் பாதிப் பாட்டில் காலியாவதற்கும் உறையை எறிவதற்கும் தொடர்பு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். சங்க நூலகத்துக்கு வரும் தொகுப்புகளை இனி உறைகளோடும் பதிவேட்டோடும் மட்டுமே ஏற்க வேண்டும். இதில் மற்ற இரு மரபின் பெரியவர்களும் மாறுபட மாட்டார்கள். என் ஆசிரியரின் பதிவேடுகளைப் படியெடுத்துச் சங்கத்துக்கு அளிக்க அவர் குடும்பத்தார் இசைந்திருக்கிறார்கள். உறைக் கட்டுகளும் உடன் வரும். அவற்றுக்கு ஓர் அலமாரி ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.