கோயிலாழ்வார்: பேழையும் பெருமாளும்

ஸ்ரீவைஷ்ணவத் திருமாளிகைகளில் திருவாராதனப் பெருமாளும் ஸாளக்ராமங்களும் எழுந்தருளியிருக்கும் பேழைக்குக் 'கோயிலாழ்வார்' என்று திருநாமம். அலங்காரப் பேழைகளை ஆராயும் கலை விமர்சகர்கள் பேழையைச் செல்வத்தின் குறியாகவும், மூடியை மறைபொருளின் குறியாகவும் கொள்வர். நகைப்பெட்டிக்கு அது பொருந்தும், கோயிலாழ்வாருக்குப் பொருந்தாது. எம்பெருமானிடத்தில் ஆழ்ந்தவர்களுக்குரிய 'ஆழ்வார்' என்னும் சொல்லை ஒரு மரப்பேழைக்குப் பெரியோர் இட்டது எதனால்?

திருமலையில் கர்ப்பக்ருஹத்தைத் தூய்மை செய்யும் கைங்கர்யத்திற்கும் 'கோயிலாழ்வார் திருமஞ்சனம்' என்றே பெயர். யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், ப்ரஹ்மோத்ஸவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்கு முன்பாக ஆண்டுக்கு 4 முறை இது நடைபெறும். மூலவரை வஸ்த்ரத்தால் மறைத்து, சுவர்களுக்குப் பரிமளக் கலவையைச் சாற்றுவர். அங்கே திருமஞ்சனம் கண்டருள்வது சுவரே. ஆகவே எம்பெருமான் உறையும் இடம், பெரிதாயினும் சிறிதாயினும், அடியாராகவே மதிக்கப்படுகிறது. குடையும் சிங்காசனமும் பாதுகையுமாகித் தொண்டு செய்யும் திருவனந்தாழ்வானின் நிலை அதற்கும் உண்டு.

பேழை ஆதாரம், உள்ளிருப்பது ஆதேயம் என்றால், எம்பெருமான் பேழையால் தாங்கப்படுபவனாகானோ எனில், ஆகான். சேதநனால் தரிக்கப்பட்டும், நியமிக்கப்பட்டும், அவனுக்கே சேஷமாயும் இருக்கும் த்ரவ்யமே சரீரம் என்பது ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் அருளிய லக்ஷணம். எல்லாப் பொருளும் அவனுக்குச் சரீரமாகையால், உள்ளுறைபவனே ஆதாரம், பேழையே ஆதேயம். கண்ணுக்குத் தோன்றும் முறையும் தத்த்வத்தின் முறையும் இங்கே எதிரெதிராக நிற்கின்றன. உலகனைத்தையும் திருவயிற்றில் வைத்த சிசு ஓர் ஆலிலையில் கண்வளர்ந்த செயலில் ஆழ்வார்கள் மீண்டும் மீண்டும் ஈடுபட்டது இவ்வியப்பினாலேயே. பார்ப்பவர்க்கு இலை அவனைத் தாங்குகிறது. உண்மையில் இலையையும் அவனே தாங்குகிறான்.

ஸாளக்ராமத்தில் இது இன்னும் தெளிவு. கண்டகீ நதியில் கிடைக்கும் அக்கல்லின் துவாரத்துள் சக்ரம் காணப்படும். அதற்குப் ப்ரதிஷ்டை வேண்டாம். ஸாந்நித்யம் இயல்பாகவே உண்டு. அங்கே பேழை வேறு, பெருமாள் வேறு என்று பிரிப்பதற்கில்லை.

இந்நாளில் சித்திர வேலைப்பாடுள்ள பழைய பேழைகள் பெருமாளைப் பிரிந்து, வரவேற்பறைகளில் கலைப்பொருளாக வைக்கப்படுவதுண்டு. தச்சன் செதுக்கிய கொடியும் பூவும் அழகே. ஆயினும் அது சேஷபூதத்தின் அழகு. சேஷிக்கு உகப்பாவதே அதன் பயன். நாடோறும் திருக்காப்பு நீக்குவாரும் சேர்ப்பாரும் இல்லாத பேழையைக் 'கோயிலாழ்வார்' என்று எழுதுதல் சொற்குற்றம். 'பெட்டி' என்றே எழுதுக. சித்திரம் ஏதுமின்றி எண்ணெய்ப் பிசுக்கேறிய பழம்பெட்டியாயினும், பெருமாள் உள்ளே எழுந்தருளியிருப்பாராகில், அதற்கே அத்திருநாமம் தகும்.