தரிசு என்கிற சொல்லும் ஓநாயும்

ஓநாயைக் காப்பது பற்றிய நம் பேச்சு பொறி, விஷம், துப்பாக்கி என்பதோடு நின்றுவிடுகிறது. வேட்டைக்காரனைப் பிடித்து உள்ளே போட்டால் தீர்ந்தது என்கிறார்கள். இந்தச் சொல்லாடலில் ஒரு வசதி உண்டு. குற்றவாளிக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது, அநேகமாக ஏழையின் முகம்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் ஓநாயும் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் புலிகள் 3,682. அதே ஆண்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்ட ஓநாய்கள் சுமார் 3,100. புலியைவிடக் குறைவு! ஆனாலும் புலிக்குக் கிடைத்த காப்பகங்கள் இதற்கு இல்லை. 1976இல் இன்றைய ஜார்க்கண்டில் அறிவித்த மஹுவாடாண்ட் சரணாலயம் மாதிரி ஒன்றிரண்டுதான். ஏனென்றால் ஓநாய் அடர்காட்டுப் பிராணி அல்ல. முள்ளும் புதரும் புல்லும் மேய்ச்சலுமான வெளியில் வாழ்வது அது. அந்த வெளிக்கு வருவாய்த்துறை வைத்த பெயர் தரிசு.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்தச் சொல் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். வரி தராத நிலம் வீண் நிலம் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. அவனே ஓநாய்த் தலைக்கும் பணம் கொடுத்தான். 1875 முதல் 1925 வரை இரண்டு லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது மகேஷ் ரங்கராஜனின் மதிப்பீடு. அவன் போனான், கணக்கு போகவில்லை. 'சும்மாதானே கெடக்குது' என்று சொல்லிவிட்டால் அரியலூரில் சுண்ணாம்புக்கல்லுக்குக் குழி தோண்டலாம், இன்னொரு பக்கம் தைலமரம் நடலாம். திருமாந்துறையில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று சுமார் 3,000 ஏக்கர் மானாவாரி நிலத்தை வாங்கி, தொழிலே வராமல் வருஷக்கணக்கில் போட்டு வைத்தார்கள். அதை யாரும் தரிசு என்று சொல்லவில்லை, கவனிக்க வேண்டும். ஆடு மேய்க்கிறவரிடம் கேட்டால் சும்மா கிடக்கிற நிலம் என்று ஒன்று கிடையாது.

இங்கே இயற்கை விரும்பிகளோடும் எனக்குச் சண்டை உண்டு. கிடையில் ரெண்டு ஆடு போனால் அந்த வீட்டில் பிள்ளையின் படிப்புச் செலவு போகிறது. 2024இல் பஹ்ராய்ச்சில் குழந்தைகள் செத்தபோது 'ஆபரேஷன் பேடியா' என்று பெயர் சூட்டி ஓநாய்களைப் பிடித்தார்கள். அந்தத் தாய்மாரிடம் போய்ச் சூழல் சமநிலை பேச முடியுமா? நஷ்டஈட்டை உடனே கையில் கொடுக்காமல் மேய்ப்பரிடம் கருணையை எதிர்பார்ப்பது மேட்டிமைத்தனம். ஓநாயும் கிடையும் ஒரே வெளியில்தான் பிழைக்கின்றன. வெளி சுருங்கினால் இரண்டும் மோதும். தெருநாயோடு கலந்தும், தெருநாயின் நோய் தொற்றியும் ஓநாய் அழிவது தனிக்கதை.

நம் இலக்கியமும் சும்மா இருக்கவில்லை. ஆடு நனையுதேன்னு அழுத ஓநாயை முற்போக்காளர்கள் பண்ணையாராகவும் ஏகாதிபத்தியமாகவும் ஆக்கினார்கள். 2013இல் மிஷ்கின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில் ஓநாயை நல்லவனாக்கினார். அங்கேயும் அது மனுஷன்தான். பிராணி எங்கே?

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம். ஏரிக்குக் கரை இருக்கிறது, எல்லை போடலாம். மேய்ச்சல் புறம்போக்கும் கிராமக் கணக்கில் ஒரு வகைதான். அதை வகை மாற்றும் கோப்பில் ஓநாய் என்ற சொல் வர இடமே இல்லை. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வராது. அது காடு இல்லையே.