புல் முடிச்சும் மஞ்சள் அம்பும்

நம் ஊர்களில் சந்தியாகப்பர் என்று வழங்கும் திருத்தூதர் யாக்கோபின் பெயர், போர்த்துக்கீசியர் வாயிலாக நமக்கு வந்து சேர்ந்தது. சந்தியாகோ என்னும் அதே சொல்லே, ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் அவரது கல்லறை இருப்பதாகப் போற்றப்படும் நகருக்கும் பெயராயிற்று. பிரெஞ்சு எல்லையில் பிரனீ மலையடிவாரத்திலிருந்து அந்நகருக்கு ஏறத்தாழ 780 கிலோமீட்டர். ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் நடந்துவரும் இவ்வழியைப் பற்றி எழுந்த நூல்கள் எண்ணற்றவை. அவற்றின் பக்தியையும் வரலாற்றையும் பற்றிப் பிறர் நிறைய எழுதியுள்ளனர். நாம் கேட்க விரும்புவது ஒரு சிறு கேள்வியே: வழி மங்கிப்போகும் இடத்தில், நடப்பவனுக்கு அந்நூல்கள் என்ன துணை செய்கின்றன?

இவற்றுள் மூத்தது, 12-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற 'கோடெக்ஸ் காலிக்ஸ்தினுஸ்' என்னும் இலத்தீன் ஏட்டின் ஐந்தாம் பகுதி. திருத்தந்தை இரண்டாம் காலிக்ஸ்துவின் பெயர் அதன்மேல் ஏற்றப்பட்டிருந்தாலும், அது அவர் எழுதியதன்று. எமெரிக் பிக்கோ என்னும் பிரெஞ்சு நாட்டவரே ஆசிரியராகலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து. 11 அதிகாரங்கள் கொண்ட இவ்வழிகாட்டியைப் படிப்போர்க்கு முதலில் வியப்பே தோன்றும். எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கலாகாது, பாதையைச் செப்பனிட்டவர் யாவர், எந்தப் புனிதரின் திருப்பண்டம் எவ்வூரில் உள்ளது என்றெல்லாம் ஆசிரியர் விரித்துச் சொல்கிறார். சந்தியாகோ பேராலயத்தை மனித உயரத்தை அளவுகோலாக வைத்து அளந்து காட்டுகிறார். ஆனால் எந்தக் கவையில் எப்பக்கம் திரும்புவது என்று மட்டும் சொல்வதில்லை. ஊர்ப் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மலைக்கணவாயிலிருந்து சந்தியாகோவுக்குப் பதின்மூன்று கட்டங்கள் என்பது அவர் கணக்கு. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர்! சில கட்டங்கள் குதிரைக்கு உரியவை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எஞ்சியவற்றைக் கால்நடையாகச் செல்வோர் என்ன செய்வரோ, அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

இக்குறையைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வழியோரத்தில் வாழும் மக்களை அவர் வெறுக்கிறார். நவார் நாட்டவரையும் பாஸ்க் இனத்தவரையும் அவர் ஏசும் ஏச்சு, திருப்பயண நூலில் காணக் கூசுவது. உவர்நீர் ஓடும் ஓர் ஆற்றங்கரையில் நவார் நாட்டவர் இருவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தனராம். நீர் நல்லதா என்று கேட்டதற்கு, நல்லதே என்றனராம். குடித்த குதிரைகள் இரண்டு செத்து விழுந்ததும் அவற்றின் தோலை உரித்துக்கொண்டனராம். சுவையான கதைதான். ஆயினும் இக்கதையைப் படித்த பயணி, அதற்குப்பின் அந்நாட்டில் யாரிடம் வழி கேட்பான்? வேடிக்கை என்னவெனில், அதே நூலில் பாஸ்க் மொழியின் சில சொற்களையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். இறைவன், அப்பம், திராட்சை இரசம், இறைச்சி, தண்ணீர் என்று நீளும் அப்பட்டியல், அம்மொழிக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சொற்பட்டியல்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. ஏசிய வாயால் அவர்களிடம் அப்பமும் கேட்டிருக்கிறார். அதை மட்டும் நூலில் சொல்ல மனம் வரவில்லை.

இந்த இடத்தில் நம் இலக்கியம் நினைவுக்கு வருவது இயல்பு. வழிப்படுத்துவதையே பெயராகவும் பொருளாகவும் கொண்ட ஆற்றுப்படை என்னும் வகை நமக்கு உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அவ்வகையின. அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்திற்கு வழி சொல்வதாக அமைந்தது. 583 அடிகள். நன்னனின் புகழும் அவன் வளமும் அதில் உண்டு. ஆனால் பாட்டின் உயிர் பாதையில் இருக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் கிடக்கும் வழியில் விடிந்தபின் செல்க. பாம்பு உறையும் குழிகளைக் குறித்துக்கொண்டு விலகிச் செல்க. புனங்காப்போர் விலங்குகளை விரட்ட எறியும் கவண்கற்களுக்கு மரங்களின் பின்னே ஒதுங்குக. இவ்வாறு ஒவ்வோர் இடையூற்றுக்கும் உரிய இடத்திலேயே எச்சரிக்கை வருகிறது. பல வழிகள் கூடும் சந்தியிலோ, புதியவர் மயங்காதிருக்கும்படி அவ்விடத்தைத் தடவிச் சீர்செய்து, புல்லை முடிந்து அடையாளமிடச் சொல்கிறான் கூத்தன். தான் வழியறிந்தால் போதும் என்றிராமல், இனி வருவோர்க்காகவும் கவலைப்படும் வரி அது.

அதனினும் நுட்பமானது மற்றோர் இடம். குறவரே மயங்கும் குன்றத்தில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? அலையாதீர்கள், அகன்ற பாறையில் ஒன்றாய்க் கூடுங்கள், உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள் என்கிறது பாட்டு. ஒலி கேட்டுப் புனங்காப்போர், தாங்களே தவறிழைத்தவர் போல் பதறி வருவர்; கனி தந்து உண்பித்து, வழியும் காட்டுவர். இன்று மலைப்பயணம் கற்பிப்போர் வழி தவறியவர்க்குச் சொல்லும் அறிவுரையும் இதுவே: நில், கூட்டம் பிரியாதே, ஒலி எழுப்பு. இலத்தீன் ஆசிரியருக்கும் தமிழ்ப் புலவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் புலமையின் அளவில் தேடுவது வீண். மலைவாழ் மக்களை ஒருவர் பகைவராகக் கண்டார். மற்றவர் வழியின் ஒரு பகுதியாகவே கண்டார். முன்னவருடைய பயணி தனித்து நிற்கிறான். பின்னவருடைய கூத்தன் எங்கும் தனித்து நிற்பதில்லை.

நல்ல வேளையாக, இலத்தீன் ஏடு மறந்ததை அவ்வழியின் மக்கள் மறக்கவில்லை. ரொன்செஸ்வாயெசுக்கு மேலே, இபாஞேத்தா கணவாயில் இருந்த சிற்றாலயத்தின் மணி, இரவிலும் மூடுபனியிலும் பயணிகளுக்காக ஒலிக்கப்பட்டது. கண் உதவாத இடத்தில் செவிக்கு ஒரு குறி. கூத்தர் பாறைமேல் நின்று ஒலி எழுப்பினர். இங்கோ ஊரார் பயணிக்காக ஒலி எழுப்பினர்.

இனி நம் காலத்து நூலுக்கு வருவோம். ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், பனி மூடிய ஓ செப்ரெய்ரோ என்னும் சிற்றூரின் பங்குத்தந்தையாக 1959 முதல் பணியாற்றியவர் எலியாஸ் வலீஞா சம்பெத்ரோ. இவ்வழியைப் பற்றியே ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். அவர் எழுதிய வழிகாட்டி 1980-களில் வெளிவந்தது. புதிய நெடுஞ்சாலைகளும் விளைநிலங்களின் மறுசீரமைப்பும் பழைய பாதையைப் பல இடங்களில் விழுங்கிவிட்டிருந்த காலம் அது. ஏடுகளில் பாதை இருந்தது, மண்ணில் இல்லை. ஆகவே 1984-இல், தம் சித்ரோயன் காரில் மஞ்சள் வண்ண வாளிகளை ஏற்றிக்கொண்டு, பிரனீ மலையிலிருந்து மேற்கே, மரத்திலும் பாறையிலும் வீட்டுச் சுவரிலும் அம்புக்குறிகளைத் தீட்டிக்கொண்டே வந்தார். சாலைக்குக் கோடு போட்டபின் எஞ்சிய வண்ணம் கிடைத்ததாலேயே அது மஞ்சளாயிற்று என்பர்.

அவருடைய நூலை நாம் மதிக்கிறோம். எனினும் அவருடைய சிறந்த படைப்பு அந்த அம்புகளே என்று துணிந்து சொல்வோம். நூல் பயணியின் பையில் இருக்கிறது. ஐயம் பிறப்பதோ கவைவழியில். எங்கே ஐயம் பிறக்கும் என்று அறிவதற்கு, வழியறியாதவனின் கண்ணோடு அவ்வழியில் நிற்கத் தெரிய வேண்டும். வழியறிந்தோர்க்கு அது எளிதன்று. புர்கோசுக்கும் லெயோனுக்கும் இடைப்பட்ட மெசெத்தா சமவெளியில், கண்ணுக்கெட்டியவரை கோதுமை வயலே தெரியும். அங்கே நெடுந்தூரம் அம்பே காணோமென்றால், முன்னே ஓடாமல் கடைசியாகக் கண்ட அம்புக்குத் திரும்பிச் செல்வது நடப்போர் கைக்கொள்ளும் முறை. இம்முறை பயன்பட வேண்டுமானால், அந்தக் கடைசி அம்பு உண்மையானதாய் இருக்க வேண்டும்.

பாவ்லோ கோயெலோ 1987-இல் வெளியிட்ட நூல் இவ்வழிக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. இலக்கை மட்டுமே எண்ணி நடந்தமையால், பல நாள்கள் ஒரே பகுதியைச் சுற்றிச் சுற்றி வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை என்று கதைசொல்லி உணரும் இடம், அந்நூலில் நாம் ஒப்பும் இடம். மற்றப்படி பாதை அதில் மனப்பயிற்சிகளுக்கு ஒரு மேடையாகச் சுருங்கிவிடுகிறது. சேறும் பனியும் ஊராரும் பின்னே போய்விடுகின்றனர்.

இன்று இவ்வழியின் குறை வேறு. 1993-ஆம் யூபிலி ஆண்டில் சான்றிதழ் பெற்றோர் 99,436 பேர். 2019-இல் 3,47,578 பேர். கூட்டம் வந்ததும் கடைகளும் வந்தன. தம் வாசலுக்குப் பயணியைத் திருப்ப மஞ்சள் அம்பு தீட்டுவோரும் வந்தனர். 2015-இல் பயணி ஒருவர் இவ்வழியில் கொலையுண்டபோது, பொய் அம்புகள் அவரைத் திசைதிருப்பியிருக்கலாம் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதைப் படித்தவர்களுக்கு அம்பைக் கண்டதும் எழும் நிம்மதியில் ஒரு கீறல் விழுந்திருக்கும். சிப்பிச் சின்னத்திலும் குழப்பம் உண்டு. அஸ்தூரியாஸ் பகுதியில் அதன் வரிகள் ஒன்றுகூடும் முனை திசையைச் சுட்டும். கலீசியாவிலோ அவ்வாறு கொள்ளலாகாது, அம்பையே பார்க்க வேண்டும். எல்லை தாண்டியவனுக்கு இதை எந்தச் சிப்பி சொல்லும்?

வலீஞா 1989-இல் மறைந்தார். ஓ செப்ரெய்ரோ ஆலயத்தருகே அவருக்கு மார்பளவுச் சிலை எடுத்திருக்கிறார்கள். அவர் தீட்டிய அம்புகளோ வெயிலிலும் மழையிலும் வெளிறுகின்றன. சுவர் இடிந்தால் அதனோடு போகின்றன. புல் முடிச்சும் சில நாளில் காய்ந்து உதிர்வதே. ஆகையால் வழியோரத்து நண்பர் கழகங்களைச் சேர்ந்தோர் தூரிகையும் வாளியுமாகச் சென்று, மங்கியவற்றின்மேல் மீண்டும் மஞ்சள் பூசி வருகின்றனர்.